டிக்

ஆரம்பாக்கம் தாண்டினால் பலகைகளில் எழுத்து
வட்டமாகிவிடும்.
கம்பெனி பஸ்ஸில் அதுவரை தூங்குகிறவள் நான்.
செக்போஸ்ட் வேகத்தடை தூக்கிப்போட
மாநிலம் மாறிவிட்டதென்று
தலைமுடியை அள்ளி முடிவேன், குல்லாய்க்குள் அடங்க.

என் வேலை, கேட்பது.
ஊசியை ரப்பர் தோலில் இறக்கி
தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை தள்ளி
கட்டைவிரலால் இன்னும் ஒரு அழுத்து.
உள்ளே ஸ்பிரிங் விடுபடும்.
டிக்.
யாரையும் குத்தியதே இல்லை என்பதுபோல்
ஊசி குழலுக்குள் போய்விடும்.

எதிர் நாற்காலியில் ரவணம்மா தெலுங்கில் எண்ணுவாள்,
நான் தமிழில்.
ஆறு வரும்போது மட்டும் இருவருக்கும் ஒரே சொல்,
நிமிர்ந்து பார்த்துக்கொள்வோம்.
பெட்டிமேல் ஒட்டுகிற ஊர்கள் எதுவும்
எங்கள் பஸ் போகிற வழியில் இல்லை.

முனிரத்தினம் தாலுகா ஆஸ்பத்திரியில் ஒப்பந்த ஆள்.
மஞ்சள் பை, சிவப்புப் பை, வெள்ளைப் பெட்டி:
எது எதில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.
வெள்ளைக்குப் போகவேண்டியதை
யாரோ அவசரத்தில் மஞ்சளில் போட்டிருந்தார்கள்.
தூக்கிய பை தொடையில் இடித்தது.
எறும்பு கடிச்ச மாதிரிதான், என்றார்.

எறும்பு யாரைக் கடித்துவிட்டு வந்தது என்பதுதான்
தெரியவில்லை.

இருபத்தெட்டு நாள் மாத்திரை.
சோற்றின் ஆவி பட்டாலே எழுந்து போவார்.
பிளேடைத் தனியே ஜன்னலில் வைத்தார்,
பிரஷ்ஷை வைத்தார்,
ஒருநாள் பாயையும் சுவரோரம் கொண்டுபோனார்.
நான் எதுவும் பேசவில்லை.
பாயை மட்டும் இழுத்துத் திரும்பப் போட்டேன்.

நீங்க செய்யற ஊசி எங்க ஆஸ்பத்திரிக்கு வராதா?
விலை சொன்னேன்.
சாதா ஊசியின் விலையும் சொன்னேன்.
நடுவில் இருந்தது ஒரு டீ, ஒரு வடை.
அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது
இருட்டிலும் தெரிந்தது:
ஒரு வார்டுக்கு எத்தனை டீ, எத்தனை வடை.

அந்த வாரம்தான் ஒன்று உள்ளே போகவில்லை.
அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன்.
முனை வெளியே நின்றது, பிடிவாதமாய்.
அந்த ஒன்றுக்காகப் பத்தாயிரத்தை நிறுத்தினார்கள்.
கோட்டேஸ்வர ராவ் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இரண்டு மீட்டிங், மூன்று கையெழுத்து.
எங்கோ ஒரு நர்ஸம்மா விரலுக்காக
இத்தனை பேர் நின்றுகொண்டு யோசித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ரவணம்மா முழங்கையைத் தொட்டாள், போதும் என்று.

மூன்றாம் மாதம் ரத்தம் எடுக்கப் போனோம்.
டோக்கன் ஆறு.
ஜெசிந்தா சிஸ்டர் நரம்பைத் தட்டித் தேடினார்,
ஏற்றினார், இழுத்தார், எடுத்தார்.
என் காது காத்திருந்தது.

ஒன்றும் கேட்கவில்லை.
முனையில் ஒரு சிவப்புப் புள்ளியோடு
ஊசி அப்படியே வெளியில்.
சிஸ்டரின் இடதுகை மூடியை எடுத்தது.

ரெண்டு கையால மூடாதீங்க!

நான்தான் கத்தினேன்.
வரிசை முழுக்கத் திரும்பியது.
நீ யாரும்மா என்று அவர் வாய் திறந்து, மூடி,
மூடியை மேஜைமேல் கிடத்தி
ஒரே கையால், ஊசி முனையால்,
வலையில் மீனைக் கோருவதுபோல் கோரி எடுத்தார்.
என்னைப் பார்க்கவே இல்லை.
அடுத்த டோக்கன், என்றார்.

ரிசல்ட் நாளைக்குப் பதினோரு மணிக்கு மேல்.
எனக்கு ராத்திரி ஷிப்டு.
மடக்கிய கையில் பஞ்சை இடுக்கியபடி
பஸ் நிற்கும் இடம்வரை வந்தார்.
அந்தச் சத்தம் எப்படி இருக்கும்?
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி
விட்டுக் காட்டினேன்.

இவ்வளவுதானா, என்றார்.