மேலேயிருந்து வரணும்

இருபத்தோரு வருசமாக இந்தச் சன்னலில்
நான் அதிகம் எடுத்துக் கொடுத்தது
பாரசிட்டமால் அல்ல,
'மேலேயிருந்து வரணும்' என்ற வாக்கியம்.
பால்வெட்டும் கத்தி விரலைக் கிழித்து வந்தவருக்கும்
சர்க்கரை மாத்திரை தீர்ந்து
கீரிப்பாறையிலிருந்து முதல் பஸ்சில் வந்த பெண்ணுக்கும்
ஒரே அளவுதான்,
சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும்.

செவ்வாய்க்கிழமை அது வந்தேவிட்டது.
ஒன்றரைப் பக்க ஆணை.
இனி இந்த நிலையம் தன்னைத்தானே நடத்திக்கொள்ளலாம்,
பணம் இங்கே, முடிவு இங்கே,
கணக்கும் இங்கே.

டாக்டர் ஷெர்லின் வாசித்து முடித்தபோது
தடுப்பூசி அறையில் ஏழு பேர் இருந்தோம்.
ரப்பர்பால் உறைவதுபோல் ஒரு மௌனம்.
ஆசிட் விட்டது யாரென்று தெரியவில்லை.

லேப் ததேயூஸ் முதலில் சிரித்தார்:
"மருந்து தீந்தா இனி யாரை ஏசுறது மக்கா?"
சம்பளமும் நாமதான் போடணுமா என்றாள் நர்ஸ் கிளாடிஸ்.
இல்லை என்றதும் அவளுக்கு ஆட்சேபம் இல்லை.
ஓய்வுக்குப் பதினாலு மாதம் மிச்சமிருந்த சுயம்பு சாருக்கு
ஆடிட் என்ற சொல்லிலேயே வியர்த்தது.
"சாவி நம்ம கையில இருந்தா
கள்ளனும் நம்ம ஆளுன்னுதான் சொல்லுவான்."
டாக்டர் அதற்குள் எழுதத் தொடங்கியிருந்தார்:
லேபர் ரூம் குழாய். ஜெனரேட்டர் பாட்டரி. நாய்.
நாய் எதற்கென்று யாரும் கேட்கவில்லை.
ஓ.பி. வரிசையில் தினமும் அதுதான் முதலில் படுத்திருக்கும்.

நான்?
எங்களிடம் விட்டுப் பாருங்கள் என்று
நாகர்கோவிலில் மைக் பிடித்தவன்.
கைதட்டலும் வாங்கியவன்.
சம்மதம் உள்ளவர்கள் கைதூக்கச் சொன்னபோது
என் கை
பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தது.

வெள்ளி இரவு மழை.
போன கரண்ட் திரும்பி வந்த வேகத்தில்
குளிர்பெட்டியின் ஸ்டெபிலைசர் கருகிப்போயிற்று.
பழைய வழி எனக்கு மனப்பாடம்:
கடிதம், நகல், நினைவூட்டு,
நினைவூட்டுக்கு ஒரு நினைவூட்டு.
அதற்குள் புதன்கிழமை வந்துவிடும்,
குழந்தைகள் அழாமலே திரும்பிப் போவார்கள்.

கிராமச் செவிலி ஷைனி, நனைந்த தலையோடு
ஐஸ் பெட்டிக்குள் மருந்தை அடுக்கிக்கொண்டே கேட்டாள்:
"காசு இருக்குல்லா சார்?"
இருக்கு.
"பின்ன?"

மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றேன்.
தெறந்திருக்கிற கடையே ஒண்ணுதான் என்றாள்.
கையெழுத்து என்றேன்.
பேனா உங்க பாக்கெட்டிலதானே என்றாள்.

நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.
டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே என் பெயர்,
பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் தகப்பனைப்போல
கொஞ்சம் சாய்ந்து.
ஒற்றைக் கொட்டேஷன் ஏன் என்று
ஒருநாள் யாராவது கேட்பார்கள்.
பதில் இன்னும் எழுதவில்லை.

திங்கள், முதல் பஸ். அதே பெண்.
மாத்திரை வந்துட்டா என்கிறாள்.
பழக்கத்தில் வாய் திறக்கிறேன், "மேலே..."
நிமிர்ந்து பார்த்தால்
மேலே ஒரு மின்விசிறி,
ஈரம் கோர்த்த கூரையில்
கேரளத்தின் வடிவில் ஒரு கறை.

"பத்து நிமிசம் இருங்க,
ஆள் அனுப்பி வாங்கித் தாறேன்."

அவள் உட்காரவில்லை.
பஸ் போய்விட்டதா என்று
வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.