ஸ்ட்ரைக் ஆஃப்

அச்சு மாதிரிக்கு எங்கள் திருப்பூரில்
ஸ்ட்ரைக் ஆஃப் என்று பேர்.
அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.
பிழை திருத்தித் திருப்பி அனுப்பிய தாளில்
டிசைனர் பழக்கதோஷத்தில் சேர்த்த 'மாண்புமிகு'
சிவப்புப் பேனாவால் அடிபட்டிருந்தது.
"இன்னும் ஜெயிக்கவில்லை. ஜெயித்தாலும் வேண்டாம்.
வழுக்கையை மறைக்காதீர்கள்.
கண்ணாடியில் ஒட்டுப்போட்ட இடம் தெரியட்டும்."

க்வெக்கு எசுமன்.
கானாவில், தகோராடித் துறைமுகத்தில்
இருபத்திரண்டு வருஷம் எட்டுப் பக்க வாரத்தாள்.
கோகோ மூட்டை நிறுக்கும் எடைக்கல்
பொய் சொல்கிறது என்று எழுதியதற்கு
இரண்டு வழக்கு, ஒரு ராத்திரி லாக்கப்.
இப்போது தேர்தலில் நிற்கிறார்.
நாலாயிரம் டி-ஷர்ட். பாதி அட்வான்ஸ்,
மீதி சந்தாதாரர்கள் தந்தால்.

க்வெக்கு என்றால் புதன்கிழமை பிறந்தவனாம்.
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள்
எங்கள் பக்கம், என்று எழுதினேன்.
"பொன் கிடைத்தவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள்.
எங்களுக்குப் புதன்தான் மிச்சம்" என்று பதில்.

அவர்கள் நாட்டுக் காசுக்குச் செடி என்று பேர்.
ஸ்கிரீன் மாஸ்டர் நஞ்சப்பன் கேட்டார்:
"தண்ணி ஊத்துனா மொளைக்குமாங்க?"

நெஞ்சில் இரண்டே வரி:
கேளுங்கள்.
எழுத்தில் பதில் தருவேன்.

பிறகு அவரே கேட்டார்:
ஒரு சட்டை தைக்க என்ன கூலி?
"விதிமுறைப்படீன்னு போட்டுடு கண்ணு" என்றார் முதலாளி.
போட்டேன்.
பத்து நிமிஷத்தில் வந்தது:
"அது எண் இல்லையே."

அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் நின்று
என் சொந்தப் போனில் எண்ணை அனுப்பினேன்.
ஓவர்லாக், பேட்லாக், கழுத்துப் பட்டி,
பிசிறு வெட்டும் செல்லாத்தாளின் பதினைந்து பைசா வரைக்கும்.

தன் கடைசித் தலையங்கத்தில் அதைப் போட்டிருந்தார்.
என் முகத்தைச் சுமக்கும் துணிக்கு இவ்வளவு, என்று.
பிரிண்ட் எடுத்து
மூன்றாய் மடித்து
டிபன் பையில் வைத்துக்கொண்டேன்.
சாம்பார் கறை ஏறிவிட்டது.

ஜெயித்தார்.
நாலு வருஷம் ஒரு கமா கூட வரவில்லை.

அடுத்த ஆர்டர் அறுபதாயிரம் பீஸ்.
அனுப்பியது உதவியாளர்.
வழுக்கையில் முடி ஏறியிருந்தது. கண்ணாடி இல்லை.
'மாண்புமிகு' மார்புக்குக் குறுக்கே,
முகத்தைவிட அகலம்.
வாசகம்: வளர்ச்சி தொடரும்.
பீஸுக்கு எட்டு சென்ட் குறைக்க வேண்டுமாம்.

குறைத்தால் யார் கூலியில் எவ்வளவு போகும்
என்று எண் போட்டே எழுதினேன்.
அடியில்: ஐயாவிடம் காட்டவும்.
மூன்று நாள் கழித்து வந்தது:
"விதிமுறைப்படி பார்த்துக்கொள்ளுங்கள்."
கீழே இருப்பது அவர் கையெழுத்தா,
ரப்பர் ஸ்டாம்பா,
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
புள்ளி புள்ளியாய் உடைந்தது.

தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏற நாலு நாள் இருக்கையில்
கட்சி சீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.
மீதிப் பணம் வரவில்லை.
காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் போனது
அறுபதாயிரம் முகம்.

அப்புறம் திரும்பிய பக்கமெல்லாம் அவர்.
தண்ணி லாரி டிரைவர்,
சாயப்பட்டறை பாய்லர்க்காரர்,
நொய்யல் பாலத்தடிக் கொடியில் தலைகீழாக.
எங்கள் வார்டு எலெக்ஷனுக்குப் போஸ்டர் ஒட்டிய பையன்
பசைக் கையை
அவர் கன்னத்தில் துடைத்தான்.

நேற்று பஸ்ஸில் பக்கத்தில் நின்றவன்
ஒடிசாப் பையன், பதினெட்டு இருக்கும்.
நான் பார்ப்பதைப் பார்த்து
குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான்.
"யாரு அக்கா? சினிமா?"
"பேப்பர்காரர்" என்றேன்.
"அப்புறம்?"

புஷ்பா ஸ்டாப் வந்துவிட்டது.