மூலம்

பாயான் லெப்பாஸ். இரவு ஷிஃப்டில் மூன்று மணி ஓய்வு.
தே ஓ ஆறிக்கொண்டிருக்கிறது.
கழித்துப்போட்ட சில்லுகளின் கணக்குப் படிவத்தைத்
திருப்பிப் போட்டு எழுதுகிறேன்:
இரண்டு எக்ஸ் கனம், கழித்தல் மூன்று எக்ஸ் வர்க்கம்,
கழித்தல் நான்கு எக்ஸ், கூட்டல் ஆறு.
மூலம் காண்க.

மூலம் என்றாலே எனக்குச் சிரிப்பு.
பஸ் நிறுத்தத் தூணில் ஒட்டியிருக்கிறது,
அறுவை இல்லாமல் குணமாகுமாம்.
என் ஜாதகத்திலும் அதே சொல்.
பெண்மூலம் நிர்மூலம் என்று
புக்கிட் மெர்தாஜாம் தரகர்
நான்காய் மடித்துத் திருப்பித் தந்தார்.

இங்கே விதி வேறு.
கடைசி எண்ணை வகுப்பவை மேலே,
முதல் எண்ணை வகுப்பவை கீழே.
பின்னமாய் ஒரு மூலம் இருந்தால்
இந்தக் கும்பலை விட்டு எங்கும் போயிருக்காது:
ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு, அரை, ஒன்றரை,
ஒவ்வொன்றுக்கும் கழித்தல் குறியோடு ஒரு நிழல்.
ஆக, பன்னிரண்டு வரன்கள்.
அம்மாவின் பட்டியலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒன்றை வைத்தேன், ஒன்று மிஞ்சியது.
இரண்டை வைத்தேன், இரண்டு.
மூன்று இருபத்தொன்றில் போய் உட்கார்ந்துகொண்டது.
ஆறைத் தொடவே இல்லை.
கழித்தல் ஒன்றுக்கு ஐந்து,
கழித்தல் இரண்டுக்குத் தரைக்கடியில் பதினான்கு.
பத்துக்கு எத்தனை பொருத்தம் என்று யாரும் கேட்பதில்லை,
பூஜ்யம் வந்தால்தான் கல்யாணம்.

ஒன்றரை.
ஆறே முக்காலில் ஆறே முக்கால் போயிற்று,
ஆறில் ஆறு.
துடைத்துவிட்ட தரை.

"டா டப்பாட்?" எட்டிப் பார்க்கிறாள் ரொஹானா.
கிடைத்தது, ஒன்று.

அதை வகுத்தெடுத்தபின் மிச்சம் இருப்பது
தன்னைத்தானே பெருக்கினால் இரண்டாகும் எண்.
பட்டியலில் இல்லை. எந்தப் பின்னத்திலும் இல்லை.
ஒன்றில் மேலே, இரண்டிலும் மேலே என்று
நல்லபிள்ளையாய் நின்ற கோடு
இடையில் யாருக்கும் தெரியாமல்
அச்சுக்குக் கீழே இறங்கி, ஒன்றரையில் ஏறியிருக்கிறது,
பட்டர்வொர்த்தும் இல்லாமல் ஜார்ஜ் டவுனும் இல்லாமல்
ஃபெரி கழிக்கும் அந்தப் பத்து நிமிடம் போல.

கைப்பேசி ஒளிர்கிறது.
ஈப்போவில் ஒருவர், நட்சத்திரம் பார்ப்பதில்லையாம்.
இந்த நேரத்தில் அம்மா ஏன் விழித்திருக்கிறாள்?
அதற்கு என்னிடம் காரணிகள் இல்லை.

மணி அடிக்கிறது. தொப்பி, முகமூடி, கையுறை.
படிவத்தை நேராய்த் திருப்பி
தட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.
பேனா அழுத்திய இடத்தில்
வர்க்கமூலத்தின் கூரை மறுபக்கம் புடைத்திருக்கிறது,
கழித்துப்போட்டவை: பதினேழு என்ற வரிக்கு
நேர் மேலே.