மூன்றாம் எண் ஜெர்சி

ஜெர்சியைத் துவைத்து, இஸ்திரி போட்டு,
செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான் திம்மராயன்.
அப்போதே தெரிந்துவிட்டது.
திரும்பி வரப்போகிறவன் எவனும்
காலர்வரை இஸ்திரி போடமாட்டான்.

காரணங்களுக்கெல்லாம் என்னிடம் மருந்து இருந்தது.
முட்டி வலியா, காவேரிப்பட்டணத்தில் கட்டுப்போடுகிறவர் இருக்கிறார்.
ஓசூர் கம்பெனியில் ராத்திரி ஷிப்டா,
அங்கே சூப்பர்வைசர் நம்முடைய பழைய கோல்கீப்பர்.
அப்பாவுக்கு மாங்கூழ் ஆலையில் வேலை போனதா,
பூட்ஸ் கிழிந்ததா, காதலா,
கேப்டனோடு வாய்த்தகராறா,
பதினேழு வருஷத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பதில்
மேசை டிராயரில் தயாராக வைத்திருக்கிறேன்.

அவன் சொன்னது:
"பிடிக்கல சார்."

டிராயரை ஒருமுறை திறந்து மூடினேன்.
"எப்பலேர்ந்து?"
"போன வருஷம். ஜெயிச்சோமே, அப்பவே."

சேலத்தில் ஜெயித்த ராத்திரி
வேனின் கடைசி சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.
அசதி என்று நினைத்து
என் துண்டைப் போர்த்திவிட்டேன்.

கோபம் வரவில்லை என்றால் பொய்.
எட்டு நாளில் மண்டலப் போட்டி.
இடது பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிறது
கதவு வைக்காத வீடு மாதிரி.
வெளியே பையன்கள் பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டு
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
போகிறவனுக்கு நான் சொல்வதை
இருக்கிறவர்கள்தான் மனப்பாடம் செய்வார்கள்.

முன்பு ஒருவன் போனான், கெம்பண்ணன்.
எல்லோரையும் வரிசையில் நிறுத்தி
அவன் பேரைச் சொல்லித் திட்டினேன்.
அவன் விட்டதற்கு மற்றவர்கள் பத்துச் சுற்று.
கோல் போஸ்ட் பக்கத்தில் நின்று
நீயே எண்ணுடா என்றேன்.
எண்ணினான்.
இப்போது டோல்கேட்டில் வேலை.
என் பழைய மாருதியைத் தூரத்திலேயே கண்டுகொண்டு
பில் மெஷினைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான்.
ஃபாஸ்டாக் வந்த பிறகு அவனுக்கு இன்னும் சௌகரியம்.

திம்மராயன் போகாமல் நின்றான்.
ஜெர்சிக்கு அடியில் ஒரு படிவம்.
விளையாட்டு ஒதுக்கீட்டு விடுதி இடத்தைப்
பொதுவுக்கு மாற்ற என் கையெழுத்து வேண்டும்.
"நாளைக்கு வா" என்று
இரண்டு வாரம் சொன்னால் போதும்,
வேப்பனப்பள்ளியிலிருந்து தினமும்
பஸ் படியில் தொங்கிக்கொண்டு வருவான்.
கொஞ்ச நேரம் அந்த யோசனை
நன்றாகத்தான் இருந்தது.

என் பேனா எழுதவில்லை.
அவன் தன்னுடையதைக் கொடுத்தான்.

"நான் ஏதாவது பண்ணிட்டேனாடா?"
"நீங்க இல்ல சார்."
படிவத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.
"விசில் சத்தம் கேட்டாலே வயித்தப் பிசையுது."

கேப்டன் கேட்டான், குரூப்பிலிருந்து தூக்கிடவா சார்?
அவனே போகட்டும் என்றேன்.
ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு
எல்லோருக்கும் ஆல் தி பெஸ்ட் போட்டுவிட்டுப் போனான்.
அதற்குப் பிறகும் தூங்காமல்
நான் ஏன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் எண்ணை யாருக்கும் தராமல் பூட்டி வைக்கலாம் என்றிருந்தேன்.
மரியாதை மாதிரி தெரியும், உள்ளே பழிவாங்கல்.
முதலாண்டு பைரோஸுக்குக் கொடுத்தேன்.
தொடைவரை தொங்குகிறது,
டிரவுசருக்குள் செருகிக்கொண்டு ஓடுகிறான்,
இரண்டு முறை ஏமாந்தான், இரண்டும் கோல்.

வியாழக்கிழமை சாயங்காலம்.
மலைப்பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.
சுற்றுச்சுவரை ஒட்டி லைப்ரரிக்குப் போகிறவன்
அன்றைக்குக் கோட்டோரமாகவே நடந்து வந்தான்.
பைரோஸ் தவறவிட்ட பந்து
உருண்டு போய் அவன் செருப்பில் முட்டியது.

இடது கால்தான்.
புத்தகத்தைக்கூடக் கை மாற்றவில்லை.
பந்து புழுதி கிளப்பாமல் வந்து
பைரோஸ் காலடியில் நின்றது.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
விசில் உதட்டுவரை வந்துவிட்டது.

இறக்கினேன்.
கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்:
த்ரோ-இன்.