சாய்ந்தமருது, மாதிரி இலக்கம் 41

பௌசானா ராத்தாவின் பிரிட்ஜுக்குப் பின்னால்
ஒரு தட்டு. யாரும் எட்டிப் பாராத தட்டு.
"அதுக்குள்ள தண்ணி நிக்குமெண்டு
கொம்பனிக்காரன் சொல்லல்லயே"
என்று சண்டை பிடித்தா.
டோர்ச் அடித்தேன்.
நூல் துண்டுகளாய்ப் பன்னிரண்டு குடம்பிகள்
வெளிச்சத்துக்குப் பயந்து
குட்டிக்கரணம் அடித்துக் கீழே போயின.

சட்டம் கொட்டச் சொல்கிறது.
கந்தோரோ, இனம் தெரிய வேண்டும்,
பாதியை வளர்த்துக் கொண்டுவா என்கிறது.
ஆக, கொல்வதற்காக வளர்க்கிறவள் நான்.
ஜாம் போத்தல், வாயில் வலைத்துணி,
மீனுக்குப் போடும் தூளில் ஒரு சிட்டிகை.

மூன்று நாள் தலைகீழாய்த் தொங்கித் தின்றன.
மூச்சு வாலில்:
நுனியில் ஒரு குழாய்
நீரின் தோலைத் துளைத்து நிற்கும்.
நான்காம் நாள் வாய் போயிற்று.
காற்புள்ளி போல உடல் வளைந்து
மூச்சு முதுகுக்கு ஏறிவிட்டது
இரண்டு சிறு கொம்புகளாய்.
எப்போது ஏறியது?
நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்,
சோறு வடிக்கப் போன நேரம் தவிர.

உண்ணாது. ஆனால் போத்தலைத் தட்டினால்
துள்ளி ஓடும்.
பட்டுப்பூச்சி போல நூல் சுற்றி
ஒளிந்திருந்து மாறுகிற வசதி இதற்கில்லை.
பழைய தசை உள்ளே கரைய,
புதிய கால் ஆறும் மடிந்து கிடக்க
ஓடியபடியே மாற வேண்டும்.

மழை விடாத இரவு. கடல் ரோட்டுவரை இரைகிறது.
பௌசானா ராத்தாவின் மகன்
கல்முனை ஆஸ்பத்திரியில்.
குருதிச் சிறுதட்டு நாற்பதாயிரம் என்று
அவன் தங்கச்சி போன் எடுத்தாள்.
நான் என்னத்தைச் சொல்ல.

இரண்டரை மணிக்கு முதுகு வெடித்தது.
எதையும் பிடிக்காமல்
தன் தோலையே தோணியாக்கி
அதற்குள்ளிருந்து நிமிர்ந்து வந்தது.
ஊதினால் கவிழும் தோணி.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

படிவத்தில் மூன்று பத்தி:
குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி.
வயிறு இன்னும் தோலுக்குள்,
முன்கால் நீருக்கு மேலே
என்பதற்குப் பெட்டி இல்லை.
பேனையைத் திறந்தபடி இருந்தேன்.

செதில் காயாமல் முதுகின் வெள்ளைக் கோடு தெரியாது,
இனம் சொல்ல முடியாது.
அதனால் ஒரு மணித்தியாலம் கொடுத்தேன்.
அதனால் மட்டும்தான்.
கறுத்தது. காலில் வளையம் வளையமாய் வெள்ளை.
பெண்.
பஞ்சை நனைத்தேன்.

தண்ணீரில் அந்தத் தோணி மட்டும்
ஆளில்லாமல்
போத்தலின் ஓரத்தில் போய் முட்டி நின்றது.