கட்டிலுக்கு அடியில்

படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
வீட்டில் குழந்தைகள் உண்டா?
உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம்.
கயிறு கட்டிய பேனாவைப் பிடித்தபடி
நான் நின்ற நேரத்தில்
கூண்டுகளில் இருந்த அத்தனையும் குரைத்து ஓய்ந்தன.
அமலோற்பவம் பேனாவை வாங்கிக்கொண்டு
பத்தாம் கேள்விக்குப் போனாள்.
மொட்டை மாடியில் தடுப்புச்சுவர் உண்டா?
உண்டு.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்
வெற்றுக் கட்டங்களைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்,
முத்திரையைக் குத்தினாள்.

நாய்க்கு மூன்று கால்.
நான்காவது, மரப்பாலம் சிக்னலில்
ஒரு லாரிக்கு அடியில் போயிற்று.
பூனைக்கு ஒரு கண்.
ரெண்டும் ஒரே சாக்குலதான் தூங்கும்,
பிரிச்சா சாப்பிடாது சார் என்றான்
கூண்டு கழுவுகிற பையன்.
நாய் கேட்டுப் போனவர்கள்
பூனையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டோம்.

கோரிமேடு வழியாகத்தான் திரும்ப வேண்டும்.
ஜிப்மர் வாசல் வந்ததும்
அவள் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்,
நான் என் செருப்பைப் பார்த்தேன்.
நாய் மட்டும் அந்த வாசலை
நேராகப் பார்த்தபடி வந்தது.

ரெமி கேட்டிருக்கிறான். இரண்டு வருஷம் கேட்டான்.
வீட்டுக்காரர் விடமாட்டார்டா என்றேன்.
வீட்டுக்காரரிடம் நான் கேட்டதே இல்லை.
இப்போது கேட்டேன்.
அதுக்கென்ன, வச்சுக்குங்க என்றார்.

பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்தே
அண்ணி கேட்டாள்:
பிள்ளைக்குப் பதிலா நாயா?

பதில்.
பதினொரு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று
டாக்டரிடம், நர்சிடம், தரை துடைக்க வந்த ஆயாவிடம்,
வில்லியனூர் மாதாவிடம்
நாங்கள் கேட்டதும் அதைத்தான் அண்ணி.
ஒருவரிடமும் இல்லை.
நாயிடம் இருக்கும் என்றா கூட்டிவந்தோம்?

மூன்றே முக்காலுக்கு ஸ்கூல் வேன் தெருவைக் கடக்கும்.
எங்கள் வாசலில் மட்டும் ஹாரன் அடிக்காமல்
வேகத்தைக் குறைத்துப் போவார் டிரைவர்.
அந்த மரியாதை நாய்க்குப் புரியவில்லை.
கேட்டில் பாய்ந்து பாய்ந்து குரைத்தது.
நாலாம் நாள் அவரும்
ஒரு சின்ன ஹாரன் கொடுத்துவிட்டுப் போனார்.

தீபாவளி ராத்திரி, முதல் சரவெடிக்கே
அந்த அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி
கட்டிலுக்கு அடியில் புகுந்தது.
மார்ச்சுக்குப் பிறகு பெருக்காத இடம்.
அமலோற்பவம் முட்டி போட்டாள்,
குப்புறப் படுத்தாள்,
பிறகு அவளும் உள்ளே போய்விட்டாள்.
பாதங்கள் மட்டும் வெளியே.
குருசுக்குப்பம் முழுக்க வெடித்து ஓயும்வரை
ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா என்று
உள்ளேயிருந்து குரல்.
யாரிடம் சொல்கிறாள் என்று நான் குனிந்து பார்க்கவில்லை.
பூனை அவள் கணுக்கால் மேல் உட்கார்ந்துகொண்டு
ஒற்றைக் கண்ணால் என்னைக் காவல் காத்தது.

வெளியே வந்தபோது அவள் தலையெல்லாம் ஒட்டடை.
நாய் எதையோ மென்றது.
வாய்க்குள் விரல் விட்டு எடுத்தாள்.
அழிரப்பர்.

அவனுக்கு ரப்பர் கடிக்கிற பழக்கம்.
விழுந்த முன்பல்லின் சந்துகூட அதில் பதிந்திருக்கும்.
எச்சில் துடைத்து விளக்கடியில் பிடித்தோம்.
எது அவன் பல், எது இதன் பல்?
தெரிந்துவிட்டது, இதோ இதுதான் என்றாள்.
எனக்குத் தெரியவில்லை.
தலையாட்டினேன்.

காலையில் பான்லே பூத்தில்
ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தவரிடம்
இரண்டு விரல் காட்டினேன்.
விருந்தாளியா சார்?
மூணு காலு ஒருத்தன், ஒத்தக் கண்ணு ஒருத்தி என்று ஆரம்பித்தவன்
மழை பிடித்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.
சில்லறையை மறந்துவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் சில நாள்தான்.
வாங்க வேண்டியவை:
சுண்ணாம்பு ஒரு கிலோ, பிரஷ்,
மெழுகுவத்தி, காற்றுக்கு அணையாத தடித்த வகை,
பூனைக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்து.