சேத மதிப்பீடு

மைனஸ் பத்தொன்பதில் குழாய் வெடித்தது.
கேலப் நகரம், தண்டவாளத்தை ஒட்டி,
காசு போட்டால் துணி துவைக்கும் கடை.
பன்னிரண்டு எந்திரங்களுக்கு மேலே
எட்டடி ஒட்டுப்பலகையில் ஓர் ஓவியம்.
அல்புகர்க்கியிலிருந்து நூற்று நாற்பது மைல்,
படிவமும் கேமராவுமாக வந்திருக்கிறேன்.
என்ன போயிற்று, எவ்வளவு போயிற்று,
எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு.

வரைந்தவள் வெர்னா எட்சிட்டி.
உலர்த்தி எந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து
சூரியகாந்தி விதை கொறிக்கிறாள்.
தரையில் பனி கிடக்கிறது, அதனால் சொல்லலாம்,
முதல் இடி கேட்டபின் வந்திருந்தால்
வாய் திறந்திருக்க மாட்டேன் என்றாள்.

இரட்டையர். தகப்பன் சூரியன்.
அவனிடம் மின்னலை அம்பாக வாங்கி வந்து
மனிதரைத் தின்ற பூதங்களைத் தீர்த்தார்கள்.
மிச்சம் நான்கு.
கல்கத்தியோடு அவற்றையும் தேடிப்போன மூத்தவன்
நான்கு முறையும் வெறுமனே திரும்பினான்.
வெட்ட ஓங்கினால் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்,
பேசுவதும் நியாயமாக இருந்து தொலைக்கிறது.

அந்த நால்வர்தான் பலகையில்.
முதுமை, நடைச்சட்டத்தின் கால்களில்
டென்னிஸ் பந்து செருகிக்கொண்டு.
பெட்ரோல் பங்கின் கூரைமேல்
துணியில்லாமல் பல் கிட்டித்துக் குளிர்,
அவள் தோளில் வெண்குருவிகள்.
வறுமை மட்டும் கணவன் மனைவியாக, கணக்கில் ஒன்று;
ஓட்டை விழுந்த காலுறையோடு
தங்கள் துணி சுழல்வதைப் பார்த்திருக்கிறார்கள்.
நாங்கள் செத்தால் எதுவும் கிழியாது,
கிழியாவிட்டால் எவள் புதிதாகத் தைப்பாள்
என்று கேட்டார்களாம்.

எங்களிடமும் ஒருத்தி உண்டு, மூதேவி,
கையில் துடைப்பம் என்றேன்.
அவள் என்ன சொல்லித் தப்பித்தாள்?
அவளைப் பேசவிட்டதில்லை.
வெர்னா விதைத்தோலைத் துப்பினாள்.

நான்காவது, பசி.
கள்ளியை மென்றபடி
மைக்ரோவேவ் வெளிச்சத்தில் நின்றிருந்தானாம்.
தண்ணீர் அவன் முகத்தில்தான் இறங்கியிருக்கிறது.
நெற்றி, மூக்கு, வாய் எல்லாம் கரைந்து
வறுமையின் காலடியில் பழுப்புக் குட்டையாகத் தேங்கிவிட்டது.

'சேதத்துக்குக் காரணம்' கட்டத்தில்
குளிர் என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்து, தொடையில் தட்டிச் சிரித்தாள்.
பார், அவள்மேல் ஒரு சொட்டு விழவில்லை.

எனக்கென்னவோ இப்படியே நன்றாக இருக்கிறது என்றேன்,
தொழிலில் சொல்லக் கூடாதது.
எனக்கும்தான்.
அதைப் படிவத்தில் எழுதிவிடாதே.
என் பிக்கப்புக்குக் கியர்பாக்ஸ் ஆயிரத்து எண்ணூறு டாலர்.

நால்வரில் ஒருவர் முகம்.
நாலாயிரத்தில் கால்பங்கு, ஆயிரம்.
பசிக்கு முகம் போனால்
கால்பங்குதான் நஷ்டமா? என்றாள்.
உன் ஊரில் பசியே இல்லையா?

பாதி போட்டேன்.
மேலாளர் கேட்டால்
என்ன சொல்வேனோ தெரியவில்லை.

அவன் என்ன வாதாடினான் என்று
வாசல் வரை வந்து சொன்னாள்:
என்னைக் கொல், கொன்றபின்
எவனுக்கும் ருசி தெரியாது.
எவனும் வேட்டைக்குக் கிளம்ப மாட்டான்.
எவளும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க மாட்டாள்.

வெளியே சரக்கு ரயில்,
நூற்றுப் பதினோரு பெட்டிகள் எண்ணினேன், முடியவில்லை.
பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று
மனப்பாடம் செய்த பள்ளி என்னுடையது.
பறந்த பத்துக்கும் பட்டியல் இருந்தது.
வந்தவனை உட்காரச் சொன்னதாக ஞாபகமில்லை.

நெடுஞ்சாலையோரம் வேன் ஒன்றில்
ஆட்டுக்கறிக் குழம்பு, பொரித்த ரொட்டி.
முதல் வாய், உப்பு குறைவு.
இரண்டாம் வாய்க்குள்
முகம் கரைந்தவன் எதிரே வந்து உட்கார்ந்திருந்தான்.
எப்படி? என்றான்,
வாயில்லாதவன் எதைக் கொண்டு கேட்டானோ.

எனக்கோ வாய் நிறைய இருந்தது.
தலையை மட்டும் ஆட்டினேன்.